உன் இடது கண்ணைப் பற்றி

அன்புள்ள மகனுக்கு,

கல்யாணத்துக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கும்போது அப்பாவிடமிருந்து கார்டுக்குப் பதில் கனமான கவர் வந்திருக்கிறதே என்று பதறாதே. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. உன் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போட அச்சகக்காரன் மறந்திருந்தான், திரும்பப் போய்ச் சண்டை போட்டு மாற்றி வாங்கி வந்தேன். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், முப்பது வருஷம் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேனாகக் கொடியும் விளக்கும் பிடித்தவன், நல்லம்பள்ளியில் வாத்தியார் வேலை பார்க்கிற மகனுக்கு எழுதினால் பிழை இருக்கத்தான் செய்யும். சிவப்பு மையை எடுக்காமல் கடைசி வரை படி. நடுவில் கோபம் வந்தாலும் படித்து முடித்துவிட்டுக் கோபப்படு.

போன மாதம் மொரப்பூரில் உனக்கு நிச்சயம் நடந்ததிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. பெண்ணின் அப்பா நல்ல மனுஷர், அவர்மேல் குறை இல்லை. தட்டு மாற்றுவதற்கு முன்னால் சுற்றி வளைக்காமல் கேட்டார். "தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. மாப்பிள்ளைக்கு அந்த ஒரு கண்ணு தெரியாதுன்னு சொன்னீங்க. அது பரம்பரையா வர்றதுங்களா? நாளைக்கிப் பேரப்புள்ளைங்களுக்கும் வந்துருமான்னு வூட்ல கேக்கறாங்க." பெண்ணைப் பெற்றவர் கேட்க வேண்டிய கேள்விதான். நான் தொண்டையைச் செருமுவதற்குள் உன் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். அந்தக் கூடத்தில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். "பரம்பரை எல்லாம் இல்லீங்க. தப்பு எம்மேலதான். இவன் வயித்துல ஏழு மாசமா இருக்கறப்ப, கிரகணம் புடிச்சிருக்குதுன்னு தெரியாம வாசல்ல குந்திக்கினு பறங்கிக்கா அரிஞ்சிட்டேன். அந்தப் பாவம் எம்புள்ள கண்ணுல வுழுந்துருச்சுங்க" என்றாள். முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வீட்டுப் பெண்கள் ச்சூ கொட்டினார்கள். பெண்ணின் அப்பா, "அட, அவ்ளோதானுங்களா" என்று முகம் தெளிந்து தட்டைக் கையில் எடுத்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அப்போது நீ என்னைப் பார்த்தாய். ஒரு நொடிதான். பிறகு குனிந்துகொண்டாய்.

அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உனக்கு எவ்வளவு தெரியும் என்றும் தெரியவில்லை. அதனால் எதுவுமே தெரியாதவனுக்குச் சொல்வதுபோல் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். கிரகணத்துக்கும் உன் கண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அது எனக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும்.

சீனாக்காரனோடு சண்டை நடந்த வருஷம், நீ இரண்டாம் வகுப்பில் இருந்தாய். நாம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த ரயில்வே லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரு நாள் உன் டீச்சரம்மா, பொம்மிடியிலிருந்து ரயிலில் வந்து போகிறவர், பிளாட்பாரத்தில் என்னை நிறுத்தினார். "உங்க பையன் தலைய ஒரு பக்கமா சாய்ச்சு சாய்ச்சு போர்டைப் பாக்கறானுங்க. ஒரு கைய வச்சு வலது கண்ண மூடச் சொன்னா அழறான். இடது கண்ணு சரியில்லைன்னு நெனைக்கறேன். இந்த வயசுல கண்ணாடி போட்டா சரியாயிடுங்க. தள்ளிப் போடாதீங்க" என்றார். இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி என்ன சொல்ல முடியும்? எனக்கு என்ன வந்தது தெரியுமா? கோபம். பாடம் சொல்லித் தர வந்தவருக்கு என் பிள்ளையின் கண்ணில் என்ன வேலை என்று கோபம். ஏழு வயதுப் பையன் மூக்கில் கண்ணாடியா, பார்க்கிறவன் எல்லாம் என்ன கேட்பான் என்று கூச்சம். கோபத்துக்கும் கூச்சத்துக்கும் அடியில் பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதை நீ புரிந்துகொள்ள வேண்டும். அதற்காக என்னை விட்டுவிடு என்று சொல்லவில்லை.

ரயில்வேயில் எங்களைப் போன்றவர்களுக்குக் கண்தான் சோறு போட்டது. சில வருஷத்துக்கு ஒரு முறை ஜங்ஷன் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுவார்கள். தூரத்தில் எழுத்துப் பலகையை மாட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொல்வார்கள். படிக்க முடியாதவனை அன்றோடு கொடியிலிருந்து எடுத்துவிடுவார்கள். என்னோடு வேலைக்குச் சேர்ந்த கூட்டாளி ஒருவன், கை ஓங்கினால் எருமையும் நிற்கும் ஆள், அந்தப் பலகையில் தோற்றுவிட்டு வந்து அதே ஸ்டேஷனில் பயணிகளுக்குக் குடிநீர் ஊற்றினான். நேற்றுவரை அவனை அண்ணே என்றவர்கள் "ஏ தண்ணி" என்று கூப்பிட்டார்கள். அதைக் கண்ணால் பார்த்த பிறகு எங்களில் பலர் அந்தப் பலகையை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டோம். கண் நன்றாக இருந்தவனும் செய்தான், எதற்கும் இருக்கட்டும் என்று. உள்ளே போய் வந்தவன் வெளியே காத்திருப்பவனுக்குச் சொல்லுவான். எத்தனை வருஷமானாலும் அந்த ஆஸ்பத்திரியில் அதே பலகைதான்.

உன்னை எஞ்சின் டிரைவராகப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வேறு எதையும் நான் பெரிதாக ஆசைப்பட்டதில்லை. மெயில் வண்டி நம் ஸ்டேஷனில் நிற்காமல் போகும்போது டிரைவர் ஒரு கையை வெளியே நீட்டிக்கொண்டு போவார், பார்த்திருக்கிறாய். அந்தக் கை உன் கையாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். குடும்பத்துக்கும் அந்த ஆஸ்பத்திரியில்தான் வைத்தியம். உன் சீட்டில் "கண் கோளாறு" என்று ஒரு டாக்டர் எழுதிவிட்டால் அது ஜென்மத்துக்கும் உன் பின்னாலேயே வரும், ரயில்வே வேலை கிடைக்காது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. கண் கொஞ்சம் சோம்பலாக இருக்கிறது, பொன்னாங்கண்ணிக் கீரை கொடுத்தால் வளர வளரச் சரியாகும், அதுவரை சீட்டைச் சுத்தமாக வைத்திருந்தால் போதும். இதுதான் என் கணக்கு. கண்ணுக்கு ஒரு கெடு உண்டு என்று எனக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் சொன்னபோது நான் கேட்கவில்லை.

அதனால் உனக்கு அந்தப் பலகையைச் சொல்லிக் கொடுத்தேன். பத்து நாள். நான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் நீ எதிரே உட்கார்ந்து ஒப்பிப்பாய். ஈ. எஃப், பி. டி, ஓ, இசட். எல், பி, ஈ, டி. தரையில் சாக்குக் கட்டியால் எழுதிக் காட்டினேன். உன் அம்மா, "ரெண்டாங்கிளாஸ் புள்ளைக்கி இங்கிலீசு சொல்லித் தர்றாரு பாரு" என்று பக்கத்து வீட்டில் பெருமை அடித்துக்கொண்டாள். அவளுக்கு வேறெதுவும் தெரியாது. நீ எவ்வளவு சுருக்காகப் பிடித்துக்கொண்டாய்! ஐந்தாம் நாளே கடைசி வரி வரைக்கும் வந்துவிட்டாய். விளையாட்டு என்று நினைத்தாய். அப்பா தினமும் உன்னோடு உட்கார்கிறாரே என்று உனக்குச் சந்தோஷம்.

பிறகு டீச்சரம்மா சொன்னார் என்பதற்காக உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். போகாமல் இருந்தால் அவர் விடமாட்டார். கம்பவுண்டர் கறுப்பு அட்டையால் உன் இடது கண்ணை மூடினார். நீ கடகடவென்று படித்தாய். அடுத்து வலது கண்ணை மூடினார். நீ ஒரு கணம் நின்றாய். என் பக்கம் திரும்பப் பார்த்தாய், அட்டை இடித்தது. நான் "சொல்லு சாமி" என்றேன். நீ சொன்னாய். நான்காவது வரியில் நிறுத்து என்று டாக்டர் கையைக் காட்டினார், அது உனக்குத் தெரியவில்லை, கடைசி வரிவரை ஒப்பித்துவிட்டுத்தான் நின்றாய். டாக்டர் சிரித்தார். "பையன் கண்ணு கழுகுக் கண்ணுய்யா" என்று சொல்லிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். அவர்மேல் தப்பில்லை. ஒரு தகப்பன் இப்படிச் செய்வான் என்று அவர் ஏன் நினைக்கப் போகிறார்?

திரும்பி வரும் பாசஞ்சரில் உனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். கொஞ்ச தூரம் வந்ததும் நீ கேட்டாய், "அப்பா, ரெண்டாவது தபா பலகைய எடுத்துட்டாங்களா?"

நான், "எந்தப் பலகை?" என்றேன்.

"எழுத்துப் பலகை. மொத தபா இருந்துச்சு. ரெண்டாவது தபா வெறும் செவுருதான் இருந்துச்சு. ஆனா நான் கரெட்டா சொல்லிட்டேன், இல்லப்பா?"

சுவரும் வெள்ளை, பலகையும் வெள்ளை. என் பிள்ளையின் இடது கண்ணுக்குப் பலகை இருப்பதே தெரியவில்லை. எழுத்தை விடு, பலகையே தெரியவில்லை. அந்த நிமிஷம் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர் வண்டி பிடித்து, டாக்டர் காலில் விழுந்திருக்கலாம். நேரம் இருந்தது. கையில் பாஸ் இருந்தது. நான் கடலைக்காரனைக் கூப்பிட்டு உனக்கு ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். நீ கேள்வியை மறந்துவிட்டுக் கடலையை உடைக்க ஆரம்பித்தாய். என் வாழ்க்கையில் நான் செய்த காரியங்களிலேயே கேவலமானது அந்தக் கடலைப் பொட்டலம்தான்.

அதற்கப்புறம் நாலு வருஷம் உனக்குக் கீரையாக ஊட்டினேன். கீரை என்றாலே நீ இன்றைக்கும் முகத்தைச் சுளிப்பதற்குக் காரணம் அதுதான். வலது கண்ணாலேயே நீ நன்றாகப் படித்தாய், பம்பரம் விட்டாய், புளியமரம் ஏறினாய். நானும் எல்லாம் சரியாகிவிட்டது என்று என்னையே நம்ப வைத்துக்கொண்டேன். பிறகு ஆறாம் வகுப்பில், ராகி தூற்றும்போது உன் வலது கண்ணில் தூசி விழுந்து புண்ணாகி, மூன்று நாள் கட்டுப் போட வேண்டியதாயிற்று. கட்டுப் போட்ட அன்றைக்கே நீ வாசல் நிலையில் போய் முட்டிக்கொண்டாய். உன் அம்மா சோற்றுத் தட்டை நீட்டியபோது நீ தட்டைத் தாண்டிக் கையை நீட்டினாய். அவள் போட்ட கூச்சலில் லைன் வீடு மொத்தமும் கூடிவிட்டது.

சேலத்துக்குப் போனோம். அங்கே ஒரு கண் டாக்டர், வயதானவர், உன்னை அரை மணி நேரம் பார்த்தார். பிறகு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார். உன் இடது கண்ணில் பிறவியிலேயே பார்வைக் குறைவு இருந்திருக்கிறது. அது யாருடைய குற்றமும் இல்லை, பல பிள்ளைகளுக்கு அப்படி இருக்கும். சின்ன வயதிலேயே கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினம் கொஞ்ச நேரம் மூடிப் பழக்கினால் பெரும்பாலும் தேறிவிடும். அப்படிச் செய்யாவிட்டால் அந்தக் கண் அனுப்புவதை மூளை வாங்கிக்கொள்ளாமலே விட்டுவிடும். ஏழெட்டு வயதுக்குள் செய்ய வேண்டியது, இப்போது பன்னிரண்டு நடக்கிறது, இனிமேல் கண்ணாடி போட்டாலும் பெரிதாகப் பலன் இருக்காது என்றார். "முன்னாடி எங்கியும் காட்டலீங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றேன். அந்த வயதானவர் ச்சூ கொட்டினார், அவ்வளவுதான்.

வெளியே பெஞ்சில் உன் அம்மா உன்னை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னா சொன்னாரு?" என்றாள். "பொறவியிலேயே இப்பிடியாம்" என்றேன். பாதி உண்மை. மீதியைச் சொல்ல வாய் எடுத்திருப்பேனோ என்னவோ, அதற்குள் அவள் தலையில் அடித்துக்கொண்டு அந்தக் கிரகணத்துக் காலையையும் பறங்கிக்காயையும் சொல்லி அழ ஆரம்பித்துவிட்டாள். "நான்தான் எம்புள்ள கண்ண அரிஞ்சிட்டேன்" என்றாள். சுற்றி இருந்தவர்கள் அவளைத் தேற்றினார்கள். நானும் தேற்றினேன். மகனே, எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது. பழி போய் உட்கார ஓர் இடம் கிடைத்துவிட்டது, அது என் தலை இல்லை என்று நிம்மதியாக இருந்தது.

டாக்டர் எழுதிக் கொடுத்த கண்ணாடி வந்த அன்று நீ அதை மாட்டிக்கொண்டு, "எப்பிடிப்பா இருக்குது?" என்று கேட்டாய். ஒரு பக்கம் சோடாப்புட்டி மாதிரி கனம், மறுபக்கம் வெறும் கண்ணாடி. நான் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். சிக்னல் காபினுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே கண்ணாடி உன் முகத்தில் ஏறியிருந்தால் ஊர் நாலு நாள் கேலி பேசியிருக்கும், அதோடு முடிந்திருக்கும். உன் அம்மா அன்றிலிருந்து பறங்கிக்காயைத் தொடுவதில்லை. கிரகணம் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருந்தால் முதல் நாளிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் நீ அவள் காலில் விழும்போது, "அம்மாவ மன்னிச்சுடுடா சாமி" என்பாள். நீ "வுடும்மா" என்பாய். நான் பக்கத்தில் நிற்பேன்.

இன்னொன்று. இருபது வயதில் நீ ரயில்வே வேலைக்கு மருத்துவப் பரிசோதனைக்குப் போனாயே, அதே ஆஸ்பத்திரிக்கு. தேறவில்லை என்று திரும்பி வந்தாய். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னிடம், "அதே பலகைதான் இருந்துச்சுங்கப்பா. எனக்கு எல்லா எழுத்தும் ஞாபகம் இருந்துச்சு. ஆனா நான் சொல்லல" என்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. எந்த வேலைக்காக அந்தப் பாவத்தைச் செய்தேனோ அந்த வேலையும் இல்லை என்று அன்றைக்கு ஆகிவிட்டது. ஆனால் அன்று ராத்திரி முழுக்க நான் நினைத்தது வேலையைப் பற்றி அல்ல. ஏழு வயதில் நான் சொல்லச் சொன்னதை இருபது வயதில் நீ சொல்லாமல் வந்தாயே, அதைப் பற்றித்தான். உன்னைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, ஆனால் பெருமைப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். உங்களுக்குப் பிறக்கிற பிள்ளைக்கு இப்படி வரவும் வரலாம் என்று சேலத்து டாக்டரே சொன்னார். மூன்று வயது முடிந்ததும் நல்ல கண் டாக்டரிடம் காட்டு. கண்ணாடி போடச் சொன்னால் அன்றைக்கே போட்டுவிடு, பெண் பிள்ளையாக இருந்தாலும். யார் கேலி செய்தாலும் நீ முன்னால் போய் நில். உன் பிள்ளை கேட்கிற கேள்வி உனக்கு வலித்தால் தின்பண்டம் வாங்கிக் கொடுத்து அதன் வாயை அடைக்காதே. உன் பெண்டாட்டி செய்யாத தப்பை அவள் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டால், அப்போதே இறக்கி வை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்னை மாதிரி ஆகிவிடுவாய்.

இதுவரை எழுதியதை நேற்று மத்தியானம் உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தெரியாமல் உனக்கு மட்டும் அனுப்பினால் அது இன்னொரு திருட்டு. அவள் முறத்தில் துவரம்பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள். ரயிலில் நீ பலகையைக் கேட்ட இடம் வந்ததும் முறம் நின்றது. கடைசி வரை குறுக்கே பேசவில்லை. முடித்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்ப நான் பறங்கிக்கா அரிஞ்சதால இல்லியா?" என்றாள். "இல்ல" என்றேன். "டாக்டரு அன்னிக்கே சொன்னாரா?" "சொன்னாரு." அவள் என்னைத் திட்டுவாள், அழுவாள், முறத்தை எறிவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "நான் வருசா வருசம் எம்புள்ளகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கினு இருந்தேன். நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கினு இருந்தீங்க" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இன்று காலைவரை என்னோடு பேசவில்லை. தண்ணீர் கேட்டால் சொம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். வியாழக்கிழமை நான் மொரப்பூருக்குப் போகிறேன். பெண்ணின் அப்பாவிடம் நடந்ததைச் சொல்லிவிடப் போகிறேன். பிறவிக் குறை என்றும், பிள்ளைகளுக்கு வரலாம் என்றும், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லுவேன். கேட்டுவிட்டு அவர் பின்வாங்கினால் உன் கல்யாணத்தைக் கெடுத்தவனும் நானாகிவிடுவேன். அதற்கு முன்னால், புதன்கிழமைக்குள், உனக்குத் தோன்றியதை எழுது. வேண்டாம் என்று எழுதினாலும் நான் போவேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தப் பெண்ணிடம் நீயே முதலில் சொல்வதாக இருந்தால் ஒரு நாள் தள்ளிப் போகிறேன்.

இதைக் கவரில் போட்டு ஒட்டப் போனபோது உன் அம்மா வந்து எதிரே நின்றாள். நேற்றிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு இது. "மொரப்பூருக்கு நானும் வர்றேன்" என்றாள். "நீ எதுக்கு? நான் மட்டும் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்" என்றேன். "அன்னிக்கி நான் எந்திரிச்சு நின்னு சொன்னதக் கேட்டவங்க அத்தினி பேரையும் கூப்புட்டு வையுங்க. என் தப்பு இல்லன்னு நீங்க எந்திரிச்சு நின்னு சொல்றத நான் எங்காதால கேக்கணும்" என்றாள்.

இப்படிக்கு,
உன் அப்பா